நெருப்புக்குச்சியும் என்பு மருந்தும்: பிஸ்பொஸ்பொனேற்றின் வரலாறு

1888ஆம் ஆண்டு யூலை மாதம் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள போ என்னுமிடத்தில் பிரயன்ட் அன்ட் மே நெருப்புக்குச்சித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ 1,400 பேர் பங்குகொண்ட அந்த வேலைநிறுத்தம் பிரித்தானியத் தொழிற்சங்க வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றது. அவர்களது அவல நிலையைத் தமது பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெசன்ற் அம்மையார். பிற்காலத்தில் சென்னை அடையாறில் பிரமஞான சபையின் தலைவியாக விளங்கி, 1917இல் இந்திய தேசியக் காங்கிரசின் தலைமைப் பதவியையும் வகித்த அதே அம்மையார்தான் இவர்.

குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், அற்ப காரணங்களுக்கெல்லாம் விதிக்கப்பட்ட தண்டப்பணம் ஆகியனவே வேலைநிறுத்தத்தின் உடனடிக் காரணங்கள். ஆயினும் அத்தொழிலாளர்களின் வாழ்வை மற்றொரு கொடுமையும் நிழல்போலத் தொடர்ந்தது. அக்காலத்து நெருப்புக்குச்சிகளின் தலையில் வெண் பொஸ்பரஸ் பூசப்பட்டது. அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களிற் சிலருக்கு முதலில் பல்வலி வந்தது. பின்னர் முரசு வீங்கிச் சீழ் வடிந்தது. ஈற்றில் தாடை என்பே அழுகித் துண்டு துண்டாகக் கழன்று வந்தது. 1845ஆம் ஆண்டிலேயே வியன்னா நகர வைத்தியர் லோரின்சர் இந்நோயை விபரித்து எழுதியிருந்தார். தொழிலாளர் இதனை 'பொஸி ஜோ', அதாவது பொஸ்பரஸ் தாடை, என்றழைத்தனர்.

நோய்க்கான காரணம் தெரிந்த பின்னரும் தடை வருவதற்கு அறுபது ஆண்டுகள் சென்றன. 1906இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை வெண் பொஸ்பரஸ் நெருப்புக்குச்சிகளைத் தடைசெய்தது. பிரித்தானியா 1908இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. ஐக்கிய அமெரிக்கா 1912இல் தாங்கமுடியாத வரியை விதித்து அவற்றைச் சந்தையிலிருந்து அகற்றியது. அத்துடன் பொஸ்பரஸ் தாடையும் மருத்துவ நூல்களின் பழைய பக்கங்களுக்குள் ஒடுங்கியது.

அது ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னர் வேறொரு வாசல் வழியாக மீண்டும் வந்தது. இம்முறை அது வந்தது தொழிற்சாலையிலிருந்தன்று. என்பைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்திலிருந்து. உலகெங்கும் கோடிக்கணக்கான முதியோர், அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்கள், உட்கொண்ட 'பிஸ்பொஸ்பொனேற்' என்னும் மருந்து வகையின் கதை இது. நமது தாய்மாரும் பாட்டிமாரும் வாரத்துக்கு ஒருமுறை விழுங்குகின்ற சிறு குளிசை எவ்வாறு உருவானது, அதனால் விளைந்த நன்மை என்ன, அதைப்பற்றிய அச்சம் எவ்வளவு நியாயமானது என்பனவற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயனளிக்கும்.

கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவு

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெண்ணிறப் படிவு ஒட்டிக்கொள்வதை நம்மவர்கள் நன்கறிவர். நீரிற் கரைந்திருக்கும் கல்சியம் உப்புகள் வெப்பத்தினால் படிவதே இதற்குக் காரணம். வீட்டுக் கேத்தலில் இது சிறு தொல்லை. பெரும் ஆலைகளின் கொதிகலன்களிலும் குழாய்களிலும் இதுவே பெருநட்டம். பொஸ்பரசும் ஒட்சிசனும் இணைந்த சில சேர்வைகளைச் சொற்ப அளவில் நீரிற் கலந்தால் கல்சியப் பளிங்குகள் வளராமல் தடுக்கப்படும் என்பதை இரசாயனவியலாளர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

பிஸ்பொஸ்பொனேற்றுகள் இவ்வகைப் பணிகளுக்கே முதலிற் பயன்பட்டன. இக்குடும்பத்தின் முதற் சேர்வை 1865ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. பின்னாளில் முதல் மருந்தாக வந்த எற்றிட்ரொனேற்றை ஜேர்மன் இரசாயன மேதை அடோல்ப் வொன் பேயரும் அவரது சகாவும் 1897இல் தயாரித்தனர். (பேயர் 1905இல் நோபல் பரிசு பெற்றவர்.) பல தசாப்தங்களாக இச்சேர்வைகள் நெசவு, உரம், எண்ணெய் ஆகிய தொழிற்றுறைகளில் துரு மற்றும் படிவு தடுப்பான்களாகவே பயன்பட்டன. மருத்துவத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அன்று எவரும் எண்ணவில்லை.

உடல் ஏன் கல்லாகவில்லை?

தொடர்பைக் கண்டறிந்தவர்கள் முற்றிலும் வேறான ஒரு வினாவிலிருந்து தொடங்கியவர்கள். மனித குருதியில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைவாக உள்ளன. என்பு இவ்விரண்டினாலும் ஆனது. அவ்வாறாயின் என்பு மட்டும் ஏன் கடினமாகிறது? தோலும் தசையும் குருதிக்குழாய்களும் ஏன் கல்லாகிவிடவில்லை? உடற்பாய்மங்களில் ஏதோவொரு தடுப்பான் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் நியூமன் கருதினார். 1960களின் தொடக்கத்தில் அவருடன் பணியாற்றிய சுவிஸ் நாட்டு வைத்தியர் ஹேர்பேர்ட் பிளைஷ் அத்தடுப்பானை இனங்கண்டார். குருதியிலும் சிறுநீரிலும் காணப்படும் பைரோபொஸ்பேற் என்னும் எளிய மூலக்கூறே அது. கொதிகலனில் படிவைத் தடுத்த சேர்வைகளின் நெருங்கிய உறவுதான் இதுவும்.

பிளைஷ் தாயகம் திரும்பி, ஒருகாலத்தில் காசநோயாளர்களின் புகலிடமாகப் பெயர்பெற்றிருந்த டாவோஸ் மலைநகரிலும், பின்னர் பேர்ண் பல்கலைக்கழகத்திலும் ஆய்வைத் தொடர்ந்தார். பிரித்தானியரான கிரஹம் றசல் அவருடன் இணைந்துகொண்டார். என்பு சரிவரக் கடினமாகாத ஓர் அரிய பரம்பரை நோயுள்ளவர்களின் சிறுநீரில் பைரோபொஸ்பேற் மிகுதியாக இருப்பதை றசல் 1965இல் வெளியிட்டிருந்தார். தடுப்பான் மிகுந்தால் என்பு இறுகாது என்பதற்கு இது இயற்கை தந்த சான்று எனலாம்.

பைரோபொஸ்பேற்றையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் வாய்வழியாக உட்கொண்டதும் குடலிலுள்ள நொதியங்கள் அதனைச் சிதைத்துவிட்டன. இரண்டு பொஸ்பரஸ் அணுக்களை நடுவில் ஓர் ஒட்சிசன் அணு இணைத்து நிற்பதே அதன் அமைப்பு. நொதியங்கள் வெட்டுவது அந்த ஒட்சிசன் பாலத்தைத்தான். வெட்டமுடியாத பாலம் ஒன்று தேவைப்பட்டது.

அது கிடைத்தது மருந்துக் கம்பனியொன்றிடமிருந்தன்று. சவர்க்காரமும் பற்பசையும் செய்த கம்பனியிடமிருந்து. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள புறொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் மரியன் பிரான்சிஸ் என்ற இரசாயனவியலாளர் பற்களிற் படியும் சுண்ணக்காரையைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒட்சிசனுக்குப் பதிலாகக் காபன் அணுவை நடுவிற்கொண்ட சேர்வைகள் அந்நிறுவனத்தின் கைவசம் இருந்தன. காபன் பாலத்தை நொதியங்களால் வெட்டமுடியாது. பிஸ்பொஸ்பொனேற்றுகள் என்பவை இவைதாம். பிளைஷ், றசல், பிரான்சிஸ் ஆகிய மூவரும் கைகோத்தனர். (பற்காரையைத் தடுக்கும் முயற்சியும் வீண்போகவில்லை. பைரோபொஸ்பேற் கலந்த கிறெஸ்ட் பற்பசை 1985இல் சந்தைக்கு வந்தது.)

எதிர்பாராத விடை

1969ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் இம்மூவரின் இரண்டு கட்டுரைகள் வெளியாகின. முதலாவது எதிர்பார்த்ததைச் சொன்னது: இச்சேர்வைகள் கல்சியப் பளிங்குகள் உருவாவதைத் தடுக்கின்றன. இரண்டாவதுதான் வரலாற்றை மாற்றியது. இவை என்பு கரைவதையும் தடுக்கின்றன என்பதே அதன் செய்தி.

இதன் முக்கியத்துவத்தை உணர, என்பு உயிருள்ள ஒரு பொருள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கட்டிமுடித்த வீட்டின் தூணைப்போல அது மாறாமல் நிற்பதில்லை. ஒருவகைக் கலங்கள் பழைய என்பைக் கரைத்துக் குழியாக்க, மற்றொரு வகைக் கலங்கள் அக்குழியைப் புதிய என்பால் நிரப்புகின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. இளமையில் உடைப்பும் கட்டலும் சமன். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் ஓமோன் குறையவே உடைப்பின் கை ஓங்குகிறது. என்பின் உட்பின்னல் மெலிந்து, சிறு விழுகையிலும் முறியும் நிலை வருகிறது. இதுவே ஒஸ்ரியோபொறோசிஸ் எனப்படும் என்பு நலிவு நோய். நமது ஊர்களில் முதுமையின் இயல்பென்று கருதப்படும் கூன் முதுகு பல வேளைகளில் முள்ளந்தண்டு என்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமின்றி நொறுங்கியதன் விளைவேயாகும்.

மனிதருக்கு முதன்முதலில் இம்மருந்து கொடுக்கப்பட்டது முதியவர் எவருக்குமன்று. தசைகளெல்லாம் என்பாக மாறும் அரிய நோய்க்கு ஆளான ஒரு சிறு குழந்தைக்கு எற்றிட்ரொனேற் கொடுக்கப்பட்ட செய்தியை 1969இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. 1971இல் பாஜெற் நோயாளர்களுக்கு அது பயனளித்தமை அறிவிக்கப்பட்டது. ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் சேர் ஜேம்ஸ் பாஜெற் 1877இல் விபரித்த இந்நோயில் என்பின் உடைப்பும் கட்டலும் தறிகெட்டு நடக்க, என்புகள் தடித்து வளைந்துவிடுகின்றன. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நோய்க்கு எற்றிட்ரொனேற்றை அங்கீகரித்தது.

இதே காலத்தில் மற்றொரு கிளையும் அரும்பியது. என்பைத் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் இச்சேர்வைகளின் இயல்பை நோய் கண்டறியப் பயன்படுத்தலாம் என்று உணர்ந்தவர்கள் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் பணியாற்றிய கோபால் சுப்பிரமணியனும் ஜோன் மக்காஃபீயும் ஆவர். கதிர்வீசும் ரெக்னீசியத்தைப் பொஸ்பேற் சேர்வைகளுடனும் பின்னர் பிஸ்பொஸ்பொனேற்றுகளுடனும் பிணைத்து அவர்கள் 1970களில் உருவாக்கிய முறையே, புற்றுநோய் என்புக்குப் பரவியுள்ளதா என்று பார்க்கும் 'போன் ஸ்கான்' பரிசோதனையின் அடிப்படையாக இன்றும் உள்ளது.

பெருஞ்சந்தையின் உதயம்

எற்றிட்ரொனேற்றில் ஒரு குறை இருந்தது. கூடிய அளவிற் கொடுத்தால் அது என்பு கரைவதை மட்டுமன்றி, புதிய என்பு இறுகுவதையும் தடுத்தது. ஒன்றைத் தடுத்து மற்றொன்றைத் தடுக்காத சேர்வை தேவைப்பட்டது. மூலக்கூறின் பக்கக்கிளையில் ஒரு நைதரசன் அணுவைச் சேர்த்தபோது வீரியம் பன்மடங்கு உயர்ந்தது. குறைந்த அளவே போதுமென்பதால் என்பு இறுகுவது தடைப்படவில்லை. பமிட்ரொனேற் இவ்வாறு வந்தது. இத்தாலியின் பீசா நகர ஜென்ரிலி ஆய்வு நிறுவனத்தில் உருவான அலென்ட்ரொனேற்றின் உரிமையை அமெரிக்காவின் மேர்க் கம்பனி பெற்றுக்கொண்டது. 1995இல் 'பொசமக்ஸ்' என்ற வணிகப் பெயரில் என்பு நலிவு நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்டது.

மருந்து உண்மையிலேயே வேலை செய்தது. 1996இல் வெளியான ஆய்வொன்றில், ஏற்கெனவே முள்ளென்பு முறிவுக்கு ஆளாகியிருந்த 2,027 பெண்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வெற்றுக் குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிய முள்ளென்பு முறிவு ஏற்பட, அலென்ட்ரொனேற் பெற்றோரில் அது 8 ஆகக் குறைந்தது. இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாகப் பாதியானது. முதுமையில் இடுப்பு முறிந்தவர்களிற் பலர் மீண்டும் தாமாக எழுந்து நடப்பதில்லை. கணிசமானோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். ஆகவே இக்குறைவு வெறும் எண்ணன்று.

ஆயினும் வணிகம் அத்துடன் நிற்கவில்லை. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு என்பின் அடர்த்தியை அளந்து நோயை வரையறுத்தபோது, நோயெனக் கூறமுடியாத இடைப்பட்ட நிலைக்கு 'ஒஸ்ரியோபீனியா' என்று பெயரிட்டது. அது ஆய்வாளரின் வசதிக்கான எல்லைக்கோடு. மேர்க் 1995இல் 'என்பு அளவீட்டு நிறுவனம்' என்ற அமைப்பைத் தொடங்கி, அடர்த்தி அளக்கும் சிறு இயந்திரங்கள் வைத்தியர்களின் அறைகளிற் பரவுவதற்கு ஊக்கமளித்தது. அளவீடு பெருக, எல்லைக்கோட்டுக்குள் வருவோரும் பெருகினர். முறிவு ஆபத்து மிகக் குறைவான நடுவயதுப் பெண்களும் மருந்து உண்ணத் தொடங்கினர். 2002இல் ஓமோன் சிகிச்சையின் ஆபத்துகளை ஒரு பெரும் அமெரிக்க ஆய்வு அம்பலப்படுத்தியதும் மேலும் பலர் இப்பக்கம் திரும்பினர். 2000களின் நடுப்பகுதியில் பொசமக்ஸின் ஆண்டு விற்பனை 300 கோடி டொலரைத் தாண்டியது.

மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது அது சந்தைக்கு வந்த பின்னரே தெளிவானது என்பது வியப்புக்குரியது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் உட்படச் சில ஆய்வுக்கூடங்கள் 1990களின் இறுதியில் இதனை விடுவித்தன. என்பைக் கரைக்கும் கலம் என்போடு சேர்த்து மருந்தையும் உள்வாங்குகிறது. உள்ளே சென்ற மருந்து, கலத்தின் உயிர்ப்புக்கு இன்றியமையாத கொழுப்பு மூலக்கூறுகளை ஆக்கும் நொதியம் ஒன்றை முடக்குகிறது. கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ராற்றின் மருந்துகள் முடக்குவதும் இதே இரசாயனப் பாதையின் வேறொரு படியைத்தான். சுருங்கக் கூறின், என்பைத் தின்ன வந்த கலம் தின்ற உணவாலேயே செயலிழக்கிறது.

பயன் முதியோருடன் நிற்கவில்லை. பிறப்பிலேயே என்புகள் கண்ணாடிபோல் நொறுங்கும் பரம்பரை நோயுள்ள சிறுவர்களுக்குப் பமிட்ரொனேற் முறிவுகளையும் வலியையும் குறைத்ததை மொன்றியல் நகர வைத்தியர் பிரான்சிஸ் குளொறியோ குழுவினர் 1998இல் அறிவித்தனர். புற்றுநோய் என்புக்குப் பரவியவர்களின் வேதனையைத் தணிப்பதிலும் இவை பெரும் பங்காற்றின. சொலிட்ரொனிக் அமிலம் 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றது இதன் காரணமாகவே.

தாடை மீண்டும் அழுகியது

2003இல் மயாமி நகர தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேர்ட் மார்க்ஸ், பமிட்ரொனேற் அல்லது சொலிட்ரொனேற் பெற்ற 36 நோயாளர்களின் தாடை என்பு ஆறாத புண்ணாக வெளியே தெரிவதாக எழுதினார். அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலிருந்து சல்வற்றோர் றுஜியேரோவும் சகாக்களும் மேலும் 63 பேரைப்பற்றி அறிவித்தனர். பலருக்கு இது பல் பிடுங்கிய பின்னர் தொடங்கியிருந்தது. நூறாண்டுகளுக்கு முந்திய நெருப்புக்குச்சித் தொழிலாளரின் நோயை இது அப்படியே ஒத்திருந்தது. வெண் பொஸ்பரஸின் ஆவி உடலுக்குள் நீர், காபனீரொட்சைட்டு, அமினோ அமிலம் ஆகியவற்றுடன் சேர்ந்து பிஸ்பொஸ்பொனேற் போன்ற சேர்வையாகவே மாறியிருக்கலாம் என்று மார்க்ஸ் 2008இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது நிறுவப்பட்ட உண்மையன்று, ஆயினும் சிந்தனைக்குரியது.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டியுள்ளது. ஆரம்பத்தில் அறிவிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் புற்றுநோயாளர்கள். அவர்களுக்கு வீரியம் மிக்க மருந்து மாதந்தோறும் ஊசிமூலம் ஏற்றப்படுகின்றது. என்பு நலிவுக்குக் கொடுக்கப்படும் அளவோ அதனிற் பன்மடங்கு குறைவு. அவ்வளவிற் தாடை நோய் ஏற்படும் வாய்ப்பு, ஓராண்டு சிகிச்சைக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்று அமெரிக்க என்பு ஆய்வுச் சங்கத்தின் நிபுணர் குழு 2007இல் மதிப்பிட்டது.

அடுத்த அதிர்ச்சி தொடை என்பில் வந்தது. மருந்தை நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு, விழுகை எதுவுமின்றியே தொடை என்பு நடுவில் குறுக்காக முறிந்தது. பழைய என்பு அகற்றப்படாமலே நெடுங்காலம் இருந்தால் நுண்வெடிப்புகள் சீர்செய்யப்படாமற் சேர்ந்துவிடுகின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். 2010இல் அமெரிக்க நிர்வாகம் மருந்தின் சிட்டையில் இவ்வெச்சரிக்கையைச் சேர்க்கும்படி பணித்தது.

இது குறித்து 2020இல் கலிபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வை நம்மவர்கள் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். ஏறத்தாழ 1,96,000 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த அவ்வாய்வு, இவ்வகைத் தொடை முறிவு 277 பேருக்கு ஏற்பட்டதைக் கண்டது. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இவ்வாபத்து வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. மூன்றாண்டு சிகிச்சையில், 10,000 வெள்ளையினப் பெண்களுக்கு 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்பட, மருந்தினால் விளையும் தொடை முறிவுகள் 2 மட்டுமே. ஆசியப் பெண்களில் தவிர்க்கப்படுவது 91, விளைவது 8. அவர்களிலும் நன்மையே பன்மடங்கு ஓங்கி நிற்கிறது. எனினும் தராசின் மறுதட்டு வெறுமையாக இல்லை. 'ஆசியர்' என்ற ஒரே சொல்லுக்குள் சீனர், பிலிப்பினோக்கள், தெற்காசியர் என்று பலரும் அடங்குவர் என்பதையும் மறத்தலாகாது.

அச்சத்தின் விலை

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் உழன்றவன் என்ற வகையில் ஒன்றைக் கூறவேண்டும். 'மருந்தினால் தாடை அழுகியது' என்பது தலைப்புச் செய்தி. 'மருந்தினால் ஆயிரம் பேருக்கு இடுப்பு முறியவில்லை' என்பது செய்தியேயன்று. முறியாத இடுப்புக்குப் புகைப்படம் இல்லை. பேட்டி கொடுக்கவும் எவரும் இல்லை. எத்தனை பேரில் ஒருவருக்கு என்ற கணக்கைத் தராமல் ஆபத்தை மட்டும் எழுதும் வழக்கம் ஊடகங்களுக்குப் புதியதன்று.

அதன் விளைவு கண்கூடானது. அமெரிக்காவில் 2008க்கும் 2012க்கும் இடையில் வாய்வழி பிஸ்பொஸ்பொனேற் பாவனை பாதிக்கும் மேலாகச் சரிந்தது. காப்புரிமை காலாவதியாகி 2008இல் மலிவான பொதுப்பெயர் மருந்து கிடைக்கத் தொடங்கிய அதே காலத்திலேயே இது நிகழ்ந்தது. விளம்பரம் செய்தவர்களின் ஆர்வம் குன்றியது. அச்சுறுத்திய செய்திகளோ பெருகின. பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த இடுப்பு முறிவு வீதம் 2012க்குப் பின்னர் எதிர்பார்த்தவாறு தொடர்ந்து குறையவில்லை. மருந்து வீழ்ச்சிதான் ஒரே காரணமென்று அறுதியிட்டுக் கூறமுடியாது. ஆயினும் நிபுணர்கள் இதனை நெருக்கடி என்றே வர்ணித்தனர்.

தேவையற்றோருக்கு மிகுதியாகக் கொடுத்ததும், தேவையானோர் அஞ்சி விலகியதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். முன்னையதைச் செய்தது சந்தையின் ஆசை. பின்னையது அதனால் எழுந்த நம்பிக்கையின்மையின் விளைவு. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் முதிய பெண்களே.

ஆய்வு உலகம் இதற்கிடையில் நடுவழியொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. இம்மருந்து என்பினுள் ஆண்டுக்கணக்கில் தங்குவதால் நிறுத்திய பின்னரும் அதன் பயன் சில காலம் நீடிக்கிறது. ஆகவே ஆபத்துக் குறைந்தவர்கள் குளிசையை ஐந்தாண்டு, ஊசியை மூன்றாண்டு எடுத்தபின் வைத்தியரின் ஆலோசனைப்படி இடைவேளை விடும் வழக்கம் ஏற்பட்டது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி சென்றனர். 65 வயதுக்கு மேற்பட்ட 2,000 பெண்களைக் கொண்ட ஆய்வில், 18 மாதங்களுக்கு ஒருமுறை கொடுத்த சொலிட்ரொனேற் ஊசி முறிவுகளை மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைத்ததை 2018இல் வெளியிட்டனர். 2025இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு, ஐம்பதுகளில் உள்ள பெண்களுக்குப் பத்தாண்டுகளில் ஓரிரு ஊசிகள் மட்டும் கொடுத்தாலே முள்ளென்பு முறிவு 11 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 6 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. குறைந்த மருந்து, குறைந்த செலவு, நீண்ட பயன் என்ற இத்திசை வறிய நாடுகளுக்குப் பெரிதும் உகந்தது.

வீட்டில் அறிந்திருக்க வேண்டியவை

புலம்பெயர் நாடுகளிலும் தாயகத்திலும் இம்மருந்தை உட்கொள்ளும் பெற்றோர் நம்மிற் பலருக்கு இருப்பர். மருந்துப் பெட்டியில் உள்ள பிறமொழிக் குறிப்பை அவர்கள் வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சிலவற்றை இங்கே தருகிறேன்.

வாரக் குளிசையை அதிகாலையில் வெறுவயிற்றில், ஒரு குவளை நிறைய வெறும் நீருடன் விழுங்கவேண்டும். தேநீரோ பாலோ கூடாது. விழுங்கிய குளிசையில் நூற்றில் ஒரு பங்குகூட உடலிற் சேர்வதில்லை. பாலிலுள்ள கல்சியம் அதனையும் பிணைத்துக்கொள்ளும். விழுங்கியபின் குறைந்தது அரை மணிநேரம் நிமிர்ந்து இருக்கவோ நடக்கவோ வேண்டும். மீண்டும் படுத்தால் குளிசை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். 1996இல் இத்தகைய புண்கள் அறிவிக்கப்பட்ட பின்னரே இவ்விதிகள் கடுமையாக வற்புறுத்தப்பட்டன. காலைத் தேநீரையும் இக்குளிசையையும் ஒன்றாக எடுத்துவரும் முதியவருக்கு மருந்தின் பயன் பெரும்பாலும் கிட்டுவதில்லை.

சிகிச்சை தொடங்குமுன் பற்களைச் சோதித்து, பிடுங்கவேண்டியவற்றைப் பிடுங்கிவிடுவது நன்று. பல் வைத்தியரிடம் இம்மருந்தைப்பற்றி மறைக்கலாகாது. விற்றமின் டி குறைபாடு இருப்பின் முதலில் அதனை நிவர்த்திசெய்ய வேண்டும். சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவர்களுக்கு இவை உகந்தவையல்ல. தொடையிலோ கவட்டிலோ காரணமற்ற வலி தொடர்ந்தால் வைத்தியரிடம் உடனே கூறவேண்டும். முழு முறிவுக்கு முன் என்பு தரும் எச்சரிக்கையாக அது இருக்கக்கூடும். டெனோசுமாப் என்ற புதிய ஊசிமருந்தைப் பெறுபவர்கள் அதனைத் தாமாக இடைநிறுத்தலாகாது. அதனை நிறுத்தியதும் என்பு விரைந்து மெலிவதால், பெரும்பாலும் பிஸ்பொஸ்பொனேற்றையே தொடர்ந்து கொடுக்கவேண்டியுள்ளது.

பிளைஷ் 2007இல் காலமானார். தாம் இனங்கண்ட மூலக்கூறின் உறவுகள் உலகின் மூலை முடுக்கெல்லாம் சென்றதை அவர் கண்டார். தாடை நோய் பற்றிய முதற் சர்ச்சைகளையும் கண்டார். பொஸ்பரஸ் எவருக்கும் நண்பனுமன்று, பகைவனுமன்று. நெருப்புக்குச்சித் தொழிற்சாலையில் அதன் தீங்கை அறிந்திருந்தும் உரியவர்கள் அறுபது ஆண்டுகள் வாளாவிருந்தனர். மருந்தின் விடயத்தில் தீங்கு சில ஆண்டுகளிலேயே கண்டறியப்பட்டு, அளக்கப்பட்டு, வழிமுறைகளும் திருத்தப்பட்டன. எஞ்சியிருப்பது அந்த அறிவை உரியவர்களிடம் அவர்களுக்கு விளங்கும் மொழியிற் சேர்ப்பதே. தாயாரின் முதுகு சற்று வளைந்திருப்பதையோ, அவரது உயரம் குறைந்திருப்பதையோ கவனிக்கும் பிள்ளைகள், 'வயசு போனால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் அடுத்தமுறை வைத்தியரிடம் அதைப்பற்றிக் கேட்பார்களாயின் அதுவே நல்ல தொடக்கமாகும்.